ரத்னபாய் டைப்ரைட்டிங் மாடியில் இரட்டைச் சாவி வதம்

வாழிய ஜோஸ்னா! பாறசாலைச் சந்திப்பில், ஜெயசிங்கின் சாயாக்கடைக்கு நேர் எதிரே, ரத்னபாய் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் என்னும் தட்டொலி ஓயாத கோட்டையின் பலகை மாடியில், வெயிலில் வெந்து நெளியும் ஓட்டுக்கூரையின் கீழ், ஒற்றை மின்விசிறியைக் கொற்றக்குடையாகவும் ஒரு சக்கரம் கழன்ற சுழல்நாற்காலியை அரியணையாகவும் கொண்டு வீற்றிருந்த வீராங்கனையே, வாழிய! பொன்னுதாசின் ஒரே மகளே, எண்களை ஏவல்கொள்பவளே, மூக்குக்கண்ணாடியைத் துப்பட்டா நுனியால் துடைத்த மாத்திரத்தில் கண்காணாப் பகையையும் கண்டு உறுமுபவளே, வாழிய! மின்னோட்டமே, நீயும் வாழிய. இக்கதை முடியும்வரை எங்கும் போய்விடாதே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் ஒரு சனிக்கிழமையில் நிகழ்ந்தது இப்போர். போருக்குரிய பொருள் யாதெனில், பொன்னன்று, மண்ணன்று, ஒரு பூட்டு. அதுவும் இரும்பில் அடித்த பூட்டன்று. ஒருவர் எழுதியதை உரியவர் தவிர வேறெவரும் படிக்க மாட்டாதபடி உருக்குலைத்து மறைத்து, உரியவர் கையில் மட்டும் மீண்டும் மலரச் செய்யும் மறையாக்க லைப்ரரி அது. மென்பொருள் எழுதுவோர் எவரும் எடுத்துத் தம் மென்பொருளுக்குள் பொருத்திக்கொள்ளலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பாராத தொண்டர்கள் உலகின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து கூலியின்றிக் கட்டியெழுப்பிய அம்மாபெரும் கோட்டையிலே, சாவி வார்க்கும் பட்டறை மட்டும் பாறசாலையின் பங்கு. அப்பட்டறைக்கு அரசி ஜோஸ்னா. படைத்தளபதி, ஒற்றர் தலைவர், சாயா வாங்கி வருபவர் ஆகிய முப்பதவிகளையும் ஒருங்கே வகித்தவன் செங்கல் ஊர்ச் சிஜு.

இதையெல்லாம் சிஜு ஒருமுறை சாயாக்கடையில் நின்று விரித்துரைத்தபோது, ஜெயசிங் தேயிலைப் பையைத் தூக்கிப் பிடித்தபடியே கேட்டார்:

"அப்போ பூட்டுக் கம்பெனி ஆக்கும். எனக்க பின்வாசலுக்கு ஒண்ணு கிட்டுமா?"

"அண்ணே, இது கண்ணுக்குத் தெரியாத பூட்டு."

"அது இப்பமே அங்க உண்டு, மக்கா."

மாடியின் மேற்குச் சுவரில், கீழ்வகுப்பில் காலொடிந்து தள்ளுபடியான ஒரு கரும்பலகை சாய்ந்திருந்தது. வதைக்கப்பட வேண்டிய பிழைகளும் முடிக்கப்பட வேண்டிய பணிகளும் அதில் சுண்ணாம்புக் கட்டியால் அணிவகுத்து நின்றன. அம்மம்ம! எத்தகைய அசுரர் கூட்டம் அது! வெற்றுக் கடிதத்தைப் பூட்டச் சொன்னால் மயங்கி விழுந்து கணினியையும் உடன் வீழ்த்தும் மூர்ச்சாசுரன்; வேலை முடிந்த பின்னும் கடவுச்சொல்லைத் துடைக்காமல் நினைவகத்திலே சிந்திவிட்டுப் போகும் எச்சிலரக்கன்; நெடுங்கடிதத்தின் கடைசி எழுத்தை மட்டும் கவ்வி விழுங்கிவிட்டு ஒன்றும் அறியாப் பிள்ளைபோல் நிற்கும் வால்தின்னி. அத்தனை பேரையும் ஜோஸ்னா ஒருவர் பின் ஒருவராகக் கொன்று, அவரவர் பெயர்மீது வெள்ளைக் கோடு இழுத்திருந்தாள். கையேடு எழுதுதல் என்னும் கிழட்டு யானை மட்டும், ஒருவரும் அதனை நெருங்காமையால் அதுவும் ஒருவரையும் தாக்காமல், பலகையின் அடிமூலையில் உறங்கிக் கிடந்தது.

எஞ்சியவன் ஒருவனே. அவன் பெயர் இரட்டைச் சாவி.

அவன் செய்கையைக் கேளுங்கள். சாவி வேண்டும் எனக் கேட்பவரிடம் பட்டறை சொல்லும்: "மனம்போனபடி எதையாவது தட்டச்சு செய்க." தட்டிய எழுத்துகளையும், ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தையும் அள்ளி உருக்கி, மூவுலகிலும் இணையில்லாத ஒரு சாவியை அது வார்த்துத் தரும். ஒருவர் விரல்போல் மற்றொருவர் விரல் தாறுமாறு செய்யாது என்பதே அப்பட்டறையின் தருமம். ஆனால், அந்தோ! பாறசாலை மாடியில் மட்டும், ஜோஸ்னா தட்டினால் பிறக்கும் சாவியும் சிஜு தட்டினால் பிறக்கும் சாவியும் அச்சில் வார்த்த இரு கொழுக்கட்டைபோல ஒன்றாகவே பிறந்தன. அடுத்தவர் சாவியால் திறக்கும் பூட்டு எதற்கு? அதைவிடக் கதவில்லாத வீடே மேல் அல்லவா?

கோட்டையின் தலைவர், ஏழு கடலுக்கு அப்பால் பனிநாட்டில் வாழும் ஒரு பெரியவர், மின்னஞ்சலில் முழங்கியிருந்தார்: சனிக்கிழமை, பாறசாலையின் கடிகாரத்தில் மாலை நான்கு மணிக்குள், இரட்டைச் சாவி வதைக்கப்பட்டு, ஜோஸ்னாவின் சொந்தச் சாவியால் கையொப்பமிட்ட பட்டறை வந்து சேராவிடில், பாறசாலையின் பங்கு முழுவதும் நீக்கப்பட்டு வேறொருவர் பட்டறை அங்கே வைக்கப்படும்.

இதைவிடக் கடுமையானது வீட்டு முழக்கம். அம்பூரிப் பக்கம் ரப்பர் ஷீட் எடுத்து விற்கும் பொன்னுதாஸ், வெள்ளியன்று சோற்றுக்கும் மீன்குழம்புக்கும் இடையே பிரகடனம் செய்தார்:

"எலே பிள்ளே, ஒரு வருசம் நான் வாயைத் தொறந்து ஒண்ணும் மிண்டல்லே. திருவனந்தபுரத்திலே நல்ல வேலை கிட்டினப்போ நீ வேண்டாம்னு சொன்னே, நான் மிண்டல்லே. சபையிலே எல்லாரும் கேக்குதாவ, மோளு என்ன செய்யுதா, என்ன செய்யுதான்னு. நான் என்ன சொல்ல? ஆருக்கும் படிக்கப் பற்றாத மாதிரி எழுதுதான்னா?"

"அதே அப்பா, அது தான் ஆக்கும் வேலை."

"நாளைக்கு நாலு மணி. ஜெயிச்சா உனக்க இஷ்டம். இல்லேன்னா திங்கக்கிழமை காலையிலே உன்னை நானே பஸ்ஸிலே கேற்றி விடுவேன். அந்த ஆபீஸிலே போய் மற்றவன் சொல்லுததை எழுது, கேட்டியா?"

கேட்டாள். கேட்டு, மீன் முள்ளையும் சேர்த்து விழுங்கினாள்.

ஆகவே அச்சனியன்று ஜோஸ்னாவின் மார்பில் அடித்தது இதயமன்று, போர்முரசு. சொந்த மாடி, சொந்தக் கரும்பலகை, சொந்தப் பிழை. இவற்றை இழந்து திங்கட்கிழமைப் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துத் தொங்குவதா? ஒருக்காலும் இல்லை!

ஆயினும் அந்த அசுரன் மாயாவி. காலையில் பல்லிளிப்பான், உச்சிப்பொழுதில் மறைவான், பிற்பகலில் மீண்டும் வந்து மடியில் அமர்வான். இந்த மாயத்துக்குச் சிஜு நாளொரு விளக்கம் வைத்திருந்தான். முதலில் சூடு என்றான். நனைத்த துவர்த்துத் துண்டைக் கணினியின் தலையில் சுற்றி, அது சபரிமலைக்குப் போகும் சாமிபோல் காட்சியளிக்கும்படி செய்தான். பிறகு விசைப்பலகையில் எறும்பு என்றான், கவிழ்த்துத் தட்டினான், எறும்பு வரவில்லை, முந்தின மாதத்து மிக்சர் வந்தது. கடைசியில் கண்ணேறு என்றான்.

"ஆருக்க கண்ணு சிஜு?"

"எதிரே நிக்குத ஜெயசிங் அண்ணனுக்க கண்ணு. எப்பம் பார்த்தாலும் மேலே பார்க்குதாரு."

"நீ சாயாவுக்குப் பைசா குடுக்காம ஏறி வந்தா அவரு பின்னே எங்க பார்ப்பாரு?"

சனிக்கிழமை உச்சிப்பொழுது வந்தது. மரச்சீனிக் கிழங்கும் மத்திச்சாறும் உண்டு, விரல் கழுவி, இருவரும் தனித்தனியே சாவி வார்த்தனர். வெவ்வேறு சாவிகள்! மறுபடியும் வார்த்தனர். வெவ்வேறு! சிஜு மேசைமேல் ஏறி நின்று, மின்விசிறி தலையைச் சீவாத அளவுக்குக் குனிந்து, "தீர்ந்தான்! நெய்யாற்றின்கரை முதல் களியிக்காவிளை வரை எவனும் இனி அஞ்ச வேண்டாம்!" என்று வாகை முழக்கி, கரும்பலகையில் இரட்டைச் சாவியின் பெயர்மீது கொழுத்த கோடு ஒன்றை இழுத்தான். அந்தோ, அவசரத் தளபதியே! சுண்ணாம்புத் தூள் தரையில் விழுமுன், கீழே இரண்டு மணி பேட்ச் வந்தமர்ந்தது. ஜோஸ்னா மூன்றாம் முறை வார்த்துப் பார்த்தாள். ஒன்றே சாவி. சிஜு எச்சிலைத் தொட்டுக் கோட்டை அழித்தான்.

அக்கணத்தில் அன்றோ நிகழ்ந்தது அந்தத் தரிசனம்! துயரக்கடலில் மூழ்கிய ஜோஸ்னா, மேசைமேல் ஆறிக்கிடந்த சாயாக் கிளாசை வெறித்தாள். சாயாவின் மேற்பரப்பில் ஒரு வட்டம் எழுந்து விரிந்து மறைந்தது. மீண்டும் ஒரு வட்டம். மீண்டும். யாரும் மேசையைத் தொடவில்லை. அவள் பார்வை சிஜுவின் காலுக்கு இறங்கியது: செருப்பு, சாயாவின் வட்டத்தோடு வட்டமாகத் தாளமிட்டது. தன் காலைப் பார்த்தாள்: அதுவும்!

"எலே, உனக்க காலை நிறுத்து."

"நான் ஆட்டல்லியே."

"அது தான் சொல்லுதேன். நீ ஆட்டல்லே. நானும் ஆட்டல்லே. கீழே இருந்து ஆட்டுதாவ."

டக். டக். டக். டக். பலகைத் தரையின் இடுக்குகள் வழியே ஏறிவந்தது ரத்னபாய் டீச்சரின் மரஸ்கேல் ஒலி!

கேளுங்கள் அந்த ஸ்கேலின் மகிமையை. டைப்ரைட்டிங் பயில வந்த எவர்க்கும் ரத்னபாய் முதற்கண் கற்பித்தது எழுத்தன்று, தாளம். நாற்காலியில் நிமிர்ந்த முதுகும், தூக்கிய மணிக்கட்டும், தாளிலே பதிந்த கண்ணுமாக மாணாக்கர் வரிசை அமர்ந்திருக்க, டீச்சர் மேசை விளிம்பில் ஸ்கேலால் தட்டுவார். தட்டுக்கு ஓர் எழுத்து. முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. இந்தத் தாளத்திலேயே அந்தச் சந்திப்பைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் லோயர் தேறின, ஹையர் தேறின. ஜோஸ்னாவும் தேறினாள், சிஜுவும் தேறினான். ஆதலின், "மனம்போனபடி தட்டுக" என்று பட்டறை வேண்டியபோதெல்லாம், மனம் எங்கே போயினும், விரல் நேரே முதற்பாடத்துக்கே போயிற்று. அதுவும் கீழிருந்து வரும் ஸ்கேலின் சொற்படி! உச்சிப்பொழுதில் வகுப்பு கலைந்து ஸ்கேல் உறங்கியபோதுதான் இருவர் விரலும் கொஞ்சமேனும் வேறுபட்டன.

"டீச்சருக்க தாளமாக்கும் நம்மளுக்க பிழை!" என்று சிஜு தலையில் கைவைத்தான்.

பகையின் பிறப்பிடம் தெரிந்தபின் ஜோஸ்னா தாமதிப்பாளோ? மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். அவள் விரல்கள் விசைமீது பாய்ந்தன. பாய்ந்து, பட்டறையின் வாசலில் ஒரு காவலனை நிறுத்தின. எவர் தட்டினாலும் காவலன் தாளம் பார்ப்பான். தட்டு சீராக வந்தால் சாவி தரான். சீர் கெட்டு, ஒழுங்கு குலைந்து, தடுமாறித் தட்டினாலன்றிக் கதவு திறவான். காவலன் பேச வேண்டிய வாசகத்தை எழுதும் பேறு சிஜுவுக்குக் கிட்டியது. அதை அவன் எழுதிய விதம் பின்னால் விளங்கும்.

வேலை முடிந்தது, மணி மூன்று. இனி ஒன்றே ஒன்று: இருவர் அமர்ந்து, இரு சாவி வார்த்து, வேறு வேறென்று கண்டு, தன் சாவியால் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டியதுதான். ஜோஸ்னா அமர்ந்தாள். தட்டினாள். திரையில் காவலன் உரைத்தான்:

"தாங்கள் மிக நன்றாக அடிக்கிறீர்கள். தயவுசெய்து மோசமாக அடிக்கவும்."

கண்ணை மூடித் தட்டினாள். "இன்னும் மோசமாக." கையை மாற்றிப் போட்டுத் தட்டினாள். "இன்னும்." சிஜு அவளைத் தள்ளிவிட்டு அமர்ந்து முழங்கையால் தட்டினான். முழங்கையும் தாளத்தில் விழுந்தது! ஐயகோ, தாமே நிறுத்திய காவலன் தம்மையே உள்ளே விடாத கொடுமையை எங்குபோய் முறையிடுவது?

"லோயர் பாஸாகாத ஒருத்தரை கூட்டிட்டு வா சிஜு, ஓடு!"

ஓடினான். எதிரே நின்ற ஜெயசிங்கைக் கைபிடித்து இழுத்து வந்தான். ஜெயசிங் கையிலிருந்த பால்மணத்தைத் துவர்த்தில் துடைத்தார்; நாற்காலியில் அமர்ந்தார்; அமர்ந்ததும், ஐயோ, முதுகு நிமிர்ந்தது, மணிக்கட்டு உயர்ந்தது, கண் எதிர்ச்சுவரில் பதிந்தது.

"அண்ணே! நீங்களுமா?"

"லோயர் ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆக்கும்," என்றார் ஜெயசிங், அடக்கத்தோடு. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். "இன்னும் மோசமாக," என்றான் காவலன். ஜெயசிங்கின் முகம் வாடியது. "எத்தனை வருசம் ஆச்சு, எனக்க ஸ்பீடு போயிருக்கும்," என்று முணுமுணுத்தபடி படியிறங்கினார்.

மணி மூன்றரை தாண்டியது. ஜோஸ்னாவின் கண்முன் திங்கட்கிழமைப் பஸ் ஹாரன் அடித்தது. இனித் தூதே வழி. சிஜு படியின் பாதி வரை இறங்கி, கைப்பிடியில் தொங்கி, கீழ்க்கோட்டையை நோக்கி விண்ணப்பித்தான்:

"டீச்சரே, ஒரு பத்து மினிட்டு அந்த ஸ்கேலை நிறுத்த முடியுமா?"

ஸ்கேல் நின்றது. வகுப்பு நின்றது. சந்திப்பிலே ஆட்டோக்களும் நின்றாற்போல் ஓர் அமைதி.

"என்னலே சொன்னே?"

"இல்லே டீச்சரே, ஜோஸ்னா சொன்னா, டீச்சருக்க தாளத்தினாலே ஒரு பிழை…"

"பிழையா? எனக்க தாளத்திலேயா?"

"அய்யோ டீச்சரே, ஒண்ணும் இல்லே, நான் மேலே போறேன்."

அவன் மேலே போகுமுன் அவனைத் தாண்டி மேலே போனார் ரத்னபாய். கஞ்சிப்பசை மடங்காத காட்டன் சேலையும், வெண்கூந்தல் கொண்டையும், வலக்கையில் அந்த மரஸ்கேலும் விளங்க, படிகள் அஞ்சிக் கிரீச்சிட, கார்முகில் கூடம் புகுந்தாற்போல் மாடி புகுந்தார். நூற்றுக்கணக்கானோர் தாளிலே ஒரு காற்புள்ளி பிசகியதையும் மன்னியாத கண்கள் ஜோஸ்னாமீது விழுந்தன.

"ஜோஸ்னா. எழும்பு."

எழும்பினாள். டீச்சர் அமர்ந்தார். ஸ்கேலை மானிட்டர்மேல் வைத்தார். மணிக்கட்டை உயர்த்தினார்.

"எங்க பிழைன்னு நானே பார்க்குதேன்."

அடித்தார். ஆகா! அது தட்டச்சா, பூமழை பொழிவதா? ஒவ்வொரு விசையும் ஒரே ஆழம், ஒரே ஒலி, ஒரே இடைவெளி. கடிகாரங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய கை அது. சிஜு தன்னையறியாமல் கைகட்டி நின்றான். திரையில் எழுத்துகள் மலர்ந்தன:

"தாங்கள் மிக நன்றாக அடிக்கிறீர்கள். தயவுசெய்து மோசமாக அடிக்கவும்."

டீச்சர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் படித்தார். மீண்டும் அடித்தார், முன்னினும் செம்மையாக.

"இன்னும் மோசமாக."

"இது ஆரு எழுதினது?"

சிஜு கரும்பலகையின் பின்னால் ஒரு நிழலாக மாறினான்.

"முப்பது வருசம்! எனக்க கையிலே அடிச்சவனெல்லாம் கலெக்டர் ஆபீஸிலே இருக்கான், கல்ஃபிலே இருக்கான்! என்னைப் பார்த்து, என்னை, மோசமா அடிக்கச் சொல்லுதா இந்தப் பெட்டி?"

எழுந்தது அறச்சீற்றம்! வடவைத்தீ கடலினின்று கிளர்ந்தாற்போலவும், மதங்கொண்ட வேழம் வாழைத்தோட்டம் புகுந்தாற்போலவும், ஒரு பிழையும் செய்தறியாத அந்தப் பத்து விரல்களும் முதன்முறையாக ஒன்றையொன்று மிதித்தன, உள்ளங்கை விழுந்தது, முஷ்டி விழுந்தது, ஷிஃப்ட் அலறியது, டேப் தெறித்தது, ஸ்பேஸ்பார் ஒரு பக்கம் சாய்ந்தது. "மோசமா வேணுமா? இந்தா! இந்தா! இதுவும் வச்சுக்கோ!" கடைசியாக ஸ்கேலை எடுத்து ஓர் அடி.

காவலன் கதவு திறந்தான்.

"நன்றி. இது போதுமான அளவு மோசம்."

டீச்சர் ஸ்கேலை மேசைமேல் வைத்தார். பிறகு ஜோஸ்னாவின் அடிவயிற்றில் எங்கோ ஒரு குமிழி கிளம்பிற்று. அடக்கினாள்; அடங்கவில்லை. உதட்டைக் கடித்தாள், மூக்கு வழியே வந்தது. கரும்பலகையின் பின்னிருந்து சிஜுவின் அடக்கிய சிரிப்பு கேட்டதும் அணை உடைந்தது. சிரிப்பினால் குலுங்கியவாறே, கண்ணீர் கண்ணாடியை மறைக்க, அவள் விசைப்பலகையை இழுத்துத் தட்டினாள். விரல் வழுக்கிற்று, முதற்பாடம் மறந்தது, தாளம் எங்கோ தாவிச் சென்றது. ஒரே மூச்சில் காவலன் வழிவிட்டான். அவள் சாவியும் பிறந்தது. பக்கத்தில் டீச்சரின் சாவி. சினத்தில் பிறந்தது ஒன்று, சிரிப்பில் பிறந்தது ஒன்று. எழுத்துக்கு எழுத்து வேறு! ஒரே ஸ்கேலின் கீழ் வளர்ந்த இரு கைகளுக்கு இரு சாவி! இரட்டைச் சாவி வேரற்று வீழ்ந்தான்!

மணி நான்காகச் சிறிது பொழுதே இருந்தது. ஜோஸ்னா கையொப்பமிட்டாள். மோடம் சங்கு முழங்கிற்று. கரகரத்தது, கீச்சிட்டது, இருமியது. பாறசாலையின் பட்டறை டெலிபோன் கம்பியேறிக் கடல்தாண்டிப் பாய்ந்தது. டீச்சர் அத்தனை நேரமும் எழவில்லை. சாய்ந்த ஸ்பேஸ்பாரை விரலால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் பனிநாட்டுப் பெரியவரின் மறுமொழி ஒரே வரியில் வந்திறங்கியது: வந்தது, சோதித்தேன், பட்டறை உங்களுடையதே.

படியில் குடையும் செருப்பும் ஏறும் ஓசை கேட்டது. பொன்னுதாஸ் கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றார். ஜோஸ்னா வாய்திறக்குமுன் ரத்னபாய் நிமிர்ந்தமர்ந்து தீர்ப்புரைத்தார்:

"பொன்னுதாஸே, உனக்க மோளு பாஸ்."

"உள்ளதா டீச்சரே?"

"நான் என்னைக்காவது தப்பா மார்க் போட்டிருக்கேனா?"

பொன்னுதாஸ் குடையை மூலையில் சாத்தினார். "அப்போ திங்கக்கிழமை பஸ்…" என்று தொடங்கி, மகளின் நனைந்த கண்ணாடியைப் பார்த்து, "செரி, பஸ்ஸு அது பாட்டுக்குப் போகட்டும்," என்று முடித்தார்.

டீச்சர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். படிக்கட்டில் ஓரடி வைத்தவர் திரும்பினார். குரல் தாழ்ந்தது, அந்தக் குரலை அம்மாடி அதற்குமுன் கேட்டதில்லை.

"ஜோஸ்னா, மக்கா. நான் இப்பம் அடிச்சேனே… கன்னாபின்னான்னு. அது ஆராவது பார்ப்பாவளா?"

வெற்றித்திருமகள் தன் குருவின் முன் கைகூப்பினாள்.

"ஒருத்தரும் பார்க்க முடியாது டீச்சரே. நானும் பார்க்க முடியாது. சாவி பிறந்த உடனே அதைத் துடைச்சாச்சு. ஒரு வருசமா அதுக்குத்தான் ஆக்கும் பாடுபட்டோம்."

ரத்னபாயின் கொண்டை நிமிர்ந்தது. உலகின் சாம்ராஜ்யங்கள் அனைத்தும் கூடித் தவங்கிடந்தாலும் திறக்கவொண்ணாத இரகசியமாய், முப்பது ஆண்டுப் பெருவாழ்வின் ஒரே பிழை, முத்திரையிட்ட பேரிருளுக்குள் என்றென்றைக்கும் அடங்கியது. கையில் செங்கோலாம் மரஸ்கேல் ஒளிர, தேவர் பூமாரி பொழியாவிடினும் ஓட்டின் இடுக்கிலிருந்து கொஞ்சம் தூசியாவது பொழிய, அவர் படியிறங்கினார்.

நாலு மணி பேட்ச் அன்றைக்குக் கொஞ்சம் பிந்தித் தொடங்கியது.